மேல் சரிவு

நவம்பர் 12

ஆர்டன்லீ தோட்டத்தில் மண்சரிவு ஒத்திகை. ஜீப்பில் மூவர் போனோம்: அலுவலகப் பொறுப்பாளர் நிஷாந்த சேர், சாரதி ரவூப் நானா, நான். மட்டக்களப்பிலிருந்து இந்த மலைநாட்டு அனர்த்த முகாமைத்துவ அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பாளராக வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு தோட்டத்துக்குள் போனது இன்றுதான்.

இங்கே தோட்டத்தின் பிரிவைக் 'கணக்கு' என்கிறார்கள். மலை முதுகின் கிழக்கே, பாறைத் தளத்தில் இருப்பது மேல்கணக்கு. அங்கிருந்து பாதை வளைந்து வளைந்து இறங்கி, மலையின் மேற்குச் சரிவுக்கு அடியில் முடிகிறது. அங்கே இருப்பது கீழ்க்கணக்கு. மேலே கோயில் மண்டபம், கீழே பாடசாலை. திட்டம் எளிது. மேல்கணக்குக்கு ஆபத்து என்றால் கீழே பாடசாலைக்குப் போக வேண்டும். கீழ்க்கணக்குக்கு ஆபத்து என்றால் மேலே மண்டபத்துக்கு.

"அப்ப ஆபத்துன்னா ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் விருந்துக்குப் போறோம்னு சொல்லுங்க" என்றார் மருதமுத்து. கொழுந்து லொறி ஓட்டுபவர். வீடு மேல்கணக்கில்.

"நீ விருந்துக்கு வந்தா பானையக் கழுவி வச்சுட்டுப் போவியே, மிச்சம் எங்க இருக்கும்?" என்றாள் அவருடைய தங்கை பூமாரி. கீழ்க்கணக்கில் வாழ்க்கைப்பட்டவள், மாதர் சங்கத் தலைவி.

ஒலிபெருக்கியில் நான் பேசினேன். "முதலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாங்க, மறுகா வயதானவங்க" என்றேன். கூட்டம் சிரித்தது.

"மிஸ் முருகனைக் கூப்பிடுறாங்கப்பா. மால் மருகா!" என்று மருதமுத்து கைகூப்பினார்.

மறுகா என்றால் எங்கள் ஊரில் 'பிறகு' என்று விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. கிளம்பும்போது சின்னப் பிள்ளைகள்கூட "மறுகா மிஸ், போய்ட்டு வாங்க" என்றன.

பூமாரி பிளேன்டீ கொடுத்தாள். "மிஸ் பேசுறது டீவியில நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு. பாதி வெளங்குது. மீதிய நாங்களே போட்டுக்குறோம்."

நவம்பர் 19

மழை. துவைத்த உடுப்பு மூன்று நாளாகக் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டினேன், இப்போது எல்லாவற்றிலும் கருவாட்டு வாசம்.

நிலத்தை ஆராயும் குழு ஆர்டன்லீக்குப் போய் வந்தது. மலையின் மேற்குச் சரிவில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே புது வெடிப்பு. கை நுழையும் அளவு என்றார்கள்.

என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. நீடிப்புக்கு சேர் பரிந்துரை எழுத வேண்டும். இன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 25

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம். அம்மா எங்கள் ஊர் கல்லடியிலிருந்து போன் எடுத்தார். "இஞ்ச கடல் சத்தம் ஒரு மாதிரிக் கிடக்கு மகள். நீ மலையில இருக்கிறாய், அது போதும் எனக்கு."

மலையில் இருப்பது பாதுகாப்பு என்று அம்மா நினைக்கிறார். நானும் மறுக்கவில்லை.

நவம்பர் 26

காலையிலிருந்து அறிவித்தல்கள். எல்லாம் சிங்களத்தில் வருகின்றன. தமிழாக்கி, குறுஞ்செய்தியாகவும் தோட்ட அலுவலக ஒலிபெருக்கிக்கும் அனுப்ப வேண்டும். பதினொரு தோட்டம், நான் ஒருத்தி. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது.

தமிழ்க் குறுஞ்செய்தி எழுபது எழுத்தைத் தாண்டினால் இரண்டாக உடையும். சில நேரம் பின்பாதி முதலில் போய்ச் சேரும், சில நேரம் ஒரு பாதி வராமலே போகும். எழுபதுக்குள் அடக்கு என்பதுதான் எனக்குக் கொடுத்த முதல் பாடம். கணினி ஒவ்வொரு துணைக்காலுக்கும் கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக எண்ணும்.

ஆர்டன்லீக்குச் சிவப்பு எச்சரிக்கை. சிங்களத்தில் 'பட்டஹிர பெவும' என்று இருந்தது. மேற்குச் சரிவு. அப்படியே போட்டால் எழுபதைத் தாண்டியது. 'மேல்' என்று போட்டதும் அடங்கியது.

"ஆர்டன்லீ மேல் சரிவு: உடனடியாக வெளியேறி ஒத்திகை இடத்துக்குச் செல்லவும்"

மேற்கு மாகாணத்தை மேல் மாகாணம் என்று எழுதும் நாட்டில் இதில் குழப்பம் எதுவும் இல்லை.

மாலையில் மருதமுத்து எடுத்தார். பின்னால் ஒரே பிள்ளைச் சத்தம். "மறுகா மிஸ்! உங்க மெசேஜ் பாத்தோம். சாமான் சட்டியோட எல்லாரும் எறங்கிட்டோம். லொறியில மூணு நட. தங்கச்சி கையால விருந்து." லைன் அறுந்துவிட்டது. அதற்குள் அடுத்த அறிவித்தல் வந்திருந்தது.

சேரிடம் ஆர்டன்லீ முடிந்தது என்றேன். "ஒத்திகை வேலை செஞ்சிருக்கு மிஸ்" என்று சந்தோஷப்பட்டார். நாளை அறிக்கையில் முதலாவதாகப் போடச் சொன்னார்.

நவம்பர் 27

ஆர்டன்லீ அறிவித்தலில் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. போனோம்.

வேறு எதுவும் இப்போது எழுத முடியவில்லை.

நவம்பர் 28

பாதை இல்லை. தொலைபேசி இல்லை. கோயில் மண்டபத்தில் இருக்கிறோம். இரண்டு கணக்கும் இங்கே இருக்கிறது, ஒருவரைத் தவிர. மழை விடவில்லை.

நவம்பர் 29

இராணுவம் பாதை வெட்டி வந்தது. அறைக்குத் திரும்பிவிட்டேன். காலில் இருந்த சேற்றைக் கழுவி, சோறு வடித்து, சாப்பிட்டேன். இனி இருபத்தேழாம் திகதியை எழுதலாம்.

அன்று காலை தொலைபேசிகள் செத்திருந்தன. அறிக்கைக்கு எண்ணிக்கை எடுத்துக்கொண்டிருந்தேன். டீசல் அடிக்கப் போன ரவூப் நானா நனைந்து திரும்பி வந்தார். ஆர்டன்லீ பக்கத்து பேக்கரி வேன்காரனை வழியில் கண்டாராம்.

"ஆர்டன்லீ ஆக்கள் எல்லாம் கீழ ஸ்கூல்லதான் ஈக்கிறாங்களாம். மேல ஒரு நாய்கூட இல்லயாம்."

"கீழ்க்கணக்கு ஆட்கள்?"

"அவங்க அவங்கட ஊட்டுலதான். வந்தவங்களுக்கு சமைச்சுப் போடுறாங்களாம். நல்ல சனம் மிஸ்."

'நல்லது' என்று நான் சொன்னதாக ஞாபகம். பேனா எண்ணிக்கையை எழுதிக்கொண்டிருந்தது. பிறகு சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தேன். மேற்குச் சரிவு, அதன் அடியில் கீழ்க்கணக்கு. நான் அனுப்பியதில் மேல் சரிவு என்று இருந்தது. மேல்கணக்கில் இருப்பவர் 'மேல் சரிவு' என்று படித்தால் தன் வீட்டை விட்டு வேறு எதை நினைப்பார்?

சேரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. சிங்களத்தில் மேற்கும் மேலும் இரண்டு வேறு சொல். தமிழில் ஒன்று என்றதும், கதிரையிலிருந்து எழுந்து ஜீப் சாவியை எடுத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

போகும் வழியில் சேர் முன்னிருக்கையிலிருந்து திரும்பினார். "மிஸ், பிழை எண்டு சொல்ல வேணாம். புது அறிவித்தல் வந்தது எண்டு சொல்லுங்க. பிழை சொன்னா, அடுத்த முறை நாங்க கூப்பிட்டா ஒரு ஆளும் வராது."

அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கு வசதியாகவும் இருந்தது.

பாடசாலை முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டு, பெரிய அண்டாவில் பூமாரி சோறு கிண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கணக்குச் சனமும் அங்கேதான் இருந்தது. மழை தூறலாகக் குறைந்திருந்தது.

"வாங்க மறுகா மிஸ்! கரெக்டா பந்திக்கு வர்றீங்க."

ஒலிபெருக்கியை எடுத்தேன். புதிய அறிவித்தல் வந்திருக்கிறது, எல்லோரும் மேல்கணக்கு மண்டபத்துக்குப் போக வேண்டும் என்றேன். என் குரல் நியூஸ் வாசிப்பதுபோல் இருந்தது. எனக்கே கேட்டது.

யாரும் எழும்பவில்லை.

"நேத்து எறங்குங்கறீங்க, இன்னைக்கு ஏறுங்கறீங்க. நாங்க என்ன கொழுந்துக் கூடையா?" என்றார் ஒருவர்.

"பாலப்புள்ளய வச்சுக்கிட்டு எத்தன தடவதான் நனையிறது?"

மருதமுத்து சமாதானமாகப் பேசினார். "மழ விட்டிருச்சு மிஸ். மேலதான் ஆபத்துன்னு வந்திருக்கோம், திரும்ப அங்கயே போகச் சொன்னா எப்புடி? ஒரு வாய் சாப்புடுங்க. சாப்புட்டு யோசிப்போம்."

சேர் என்னைப் பார்த்து, "திரும்பச் சொல்லுங்க" என்றார். திரும்பச் சொன்னேன். "தமிழ்லதானே சொன்னாங்க, கேட்டுச்சு" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

பாடசாலைக்குப் பின்னால் ஒரு கான், சரிவுத் தண்ணீர் வடியும் வாய்க்கால், இருந்தது. முன்பு தெளிவாக ஓடியது. அன்று பால் ஊற்றாத தேநீரின் நிறத்தில் ஓடியது; மேலே மண் கரைகிறது. ரவூப் நானா அதைக் காட்டி என் தோளைத் தட்டினார்.

ஒலிபெருக்கியை ஜீப்பின் மேல் வைத்துவிட்டு அண்டாவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"பூமாரி அக்கா, புது அறிவித்தல் ஒண்டும் வரல்ல. நேத்து வந்ததுதான். அதில மேற்குச் சரிவு எண்டு இருந்தது. நான் மேல் எண்டு எழுதிப்போட்டன்."

அவள் கிண்டுவதை நிறுத்தினாள். "மேலுன்னா?"

"மேற்கு. எங்கட அலுவலகத்தில மேல் எண்டாலும் மேற்குதான். மேல் மாகாணம் எண்டு சொல்றல்லயா, அதுபோல."

"மேக்கயா?" அவள் தலையைத் திருப்பி, பாடசாலைக் கூரைக்கு மேலே நின்ற சரிவைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். "அப்ப நேத்தே நாங்கதான் போயிருக்கணும்?"

"ஓம்."

"இவங்க எல்லாம் வீட்டுலயே நல்லா இருந்தவங்க? இவங்களக் கொண்டாந்து இதுக்கு அடியில ஒக்கார வச்சிருக்கோமா?"

"ஓம். நான்தான் பிழை விட்டன்."

சேர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு தமிழ் அவருக்குத் தெரியும்.

பூமாரி என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவளுக்கு அதற்கு நேரம் இல்லை. அகப்பையை அண்டாவுக்குள்ளேயே விட்டாள். "அண்ணே, லொறிய எடு! புள்ளத்தாச்சி, கெழடு, பால்குடி முதல்ல. மத்தவங்க நடங்க. ஏய், கோழிய விடுடா, அது பறந்து வரும்!"

ஒத்திகையில் இல்லாத வேகம். எதிர்த்துப் பேசியவர்கள்தான் முதலில் முதியவர்களைத் தூக்கினார்கள். பிழை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள் என்ற சேரின் பயம் அன்று பொய்யாயிற்று. புது அறிவித்தலைத்தான் அவர்கள் நம்பவில்லை.

லொறியும் ஜீப்பும் ஏறி இறங்கின. கடைசி ஆள் மண்டபத்துக்குள் வந்ததும் பூமாரி வீடு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லோரும் இருந்தார்கள். அவள் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். மழை திரும்பவும் வலுத்தது. பிள்ளைகள் பசியில் அழத் தொடங்கின.

"சோறு அடுப்புலயே கெடக்கு" என்றாள். "எறக்கி வச்சாப் போதும், வெந்திருச்சு. இதுங்க காலையிலேருந்து ஒண்ணும் திங்கல." யாரிடமும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான்.

மருதமுத்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். "விருந்துன்னு கூப்புட்டுப் பட்டினி போடுறியே தாயே" என்று துண்டை எறிந்துவிட்டு வெளியே போனார். லொறி கிளம்பிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ரவூப் நானா மழைக்குள் ஓடி, "மருது, வேணாம்டா! வாடா!" என்று கத்தினார். லொறி வளைவில் மறைந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, பாரம் ஏற்றிய லொறி ஒன்று ஏற்றத்தில் உறுமிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாரு" என்றாள் பூமாரி.

சத்தம் நிற்கவில்லை. ஒரு லொறியின் சத்தம் அவ்வளவு நேரம் நீடிக்காது.

பாடசாலை இல்லை. கீழ்க்கணக்கு இல்லை.

இதையும் எழுதி வைக்கிறேன். 'உடனடியாக' என்பதை 'உடனே' என்று போட்டிருந்தால் 'மேற்குச்' உள்ளே வந்திருக்கும். இன்று எண்ணிப் பார்த்தேன்.

டிசம்பர் 2

லொறி கிடைத்தது. அவரும்.

மண்டபத்தின் பின்னால், பாறைக்கு இப்பால் இருந்த கொஞ்ச மண்ணில் அடக்கம் செய்தார்கள். தோட்டத்தின் மயானம் சரிவோடு போய்விட்டது. நான் ஓரத்தில் நின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, பக்கத்தில் கூப்பிடவும் இல்லை. மருதமுத்துவின் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. அது அவருடைய உரிமை.

கிளம்பும்போது பூமாரி ஜீப் வரை வந்தாள்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னீங்க" என்றாள். ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒரு வார்த்த சொன்னேன்" என்றாள்.

ரவூப் நானா இயந்திரத்தை முடுக்கினார்.

டிசம்பர் 6

மாற்று உடுப்பு, பிஸ்கட், நுளம்பு வலை பிரித்துக் கொடுத்தோம். இடைத்தங்கல் முகாமுக்கான சுகாதாரத் துண்டுப்பிரசுரம் தமிழாக்கினேன். 'கொதித்தாறிய நீர்' என்று எழுதிவிட்டு, அழித்து, 'கொதிக்க வச்சு ஆறின தண்ணி' என்று எழுதினேன். ரவூப் நானாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை.

டிசம்பர் 9

கொழும்பிலிருந்து ஒரு குழு வந்தது. நாட்டில் எத்தனையோ மலை சரிந்திருக்கிறது. ஆர்டன்லீயில் ஒரு குடியிருப்பே புதைந்தும் இழப்பு ஓர் உயிர்தான் என்பது அவர்களுக்கு ஆச்சரியம். முன்னெச்சரிக்கையின் முன்மாதிரி என்று பேசினார்கள். சேரும் நானும் நின்ற படம் எடுத்தார்கள்.

அவர்கள் போன பிறகு சேர் அறிக்கையைத் தமிழாக்கத் தந்தார். தமிழ்ப் பிரதி மரண விசாரணைக்கும் குடும்பத்துக்கும் போகும். மருதமுத்துவைப் பற்றி ஒரே வரி. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது ஆபத்து வலயத்துக்குத் திரும்பிச் சென்றமையால் மரணம்.

"சேர், இது யார் எழுதினது?"

"நான்தான்." அவர் கதவைச் சாத்தினார். பிறகு சிங்களத்தில் பேசினார். முதல் அறிவித்தலைப் பற்றி எழுதினால் விசாரணை வரும் என்றார். என் ஒப்பந்தம் போகும், அவர் பதவியும் போகலாம். தமிழில் அறிவித்தல் அனுப்புவதையே நிறுத்திவிடுவார்கள், அதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்றார். நீடிப்புக்கான பரிந்துரையை எழுதிவிட்டதாகவும் சொன்னார். அது மேசைமேல் இருந்தது.

அவர் கெட்டவர் அல்ல. அன்று சாவியை எடுத்தவரும் அவர்தான்.

வரியை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். 'பொருட்படுத்தாது' என்பதற்குப் பதில் வேறு சொல் தேடினேன். கருதாமல், மதியாமல், மீறி. எதைப் போட்டாலும் மருதமுத்து கேட்காத மனிதர் ஆகிறார். குறுஞ்செய்தி வந்த அன்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு, மூன்று நடை ஆட்களை ஏற்றி இறக்கியவர் அவர். அந்தத் தோட்டத்தில் என் எச்சரிக்கையை அவரைப் போலக் கேட்டவர் வேறு யாரும் இல்லை.

டிசம்பர் 10

சேரிடம் சொன்னேன். இந்த வரியை என்னால் தமிழில் எழுத முடியாது, வேறு வரி எழுதுகிறேன், அதைச் சிங்களத்திலும் ஆக்கித் தருகிறேன் என்றேன். "யாருடைய பேருக்குக் கீழ?" என்று கேட்டார்.

"என்னுடைய பேருக்கு."

பரிந்துரையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். கிழிக்கவில்லை. எனக்குத் தரவும் இல்லை.

டிசம்பர் 11

அலுவலகத்துக்குக் கொடுக்கும் முன் மண்டபத்துக்குப் போனேன். பஸ் பாதிவழிதான், மீதி நடை. பூமாரி முற்றத்தில் பருப்புக் களைந்துகொண்டிருந்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நியூஸ் மாதிரி வாசிக்காதீங்க. சொல்லுங்க."

சொன்னேன். மேற்கு என்று வந்த எச்சரிக்கை தமிழில் மேல் என்று பிழையாகப் போனது. அதை எழுதியது நான். மருதமுத்து அந்த எச்சரிக்கையை நம்பி, ஆபத்தில்லாத தன் வீட்டை விட்டு இறங்கி வந்தார். பிழை தெரிந்ததும், இரண்டு கணக்குச் சனத்தையும் மேலே ஏற்றி முடித்தார். பிறகு உணவு எடுக்கத் திரும்பிப் போனபோது இறந்தார்.

கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்த பிறகும் திறக்கவில்லை.

"உணவு எடுக்கன்னு இருக்கா?"

"ஓம்."

"யாரு சொல்லிப் போனாருன்னு?"

"ஒருத்தரும் சொல்லல்லயே அக்கா. நீங்க சும்மா..."

"எழுதுங்க. தங்கச்சி பூமாரி, புள்ளைங்க பசிக்குதுன்னு சொன்னா. அதக் கேட்டுட்டுப் போனாருன்னு. அவரு யார் சொன்னாலும் கேக்குற ஆளு மிஸ். கேக்காமப் போனாருன்னு ஒரு எடத்துலயும் இருக்கக் கூடாது."

அவள் சொன்னபடியே, அவள் சொல்லிலேயே எழுதினேன். அவள் பேரையும் போட்டேன். வாசித்துக் காட்டினேன். தலையாட்டினாள்.

"மறுகா?" என்றாள்.

கேலி இல்லை. அந்த முற்றத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"மறுகா நான் கையெழுத்துப் போட வேணும்" என்றேன்.

மடியில் வைத்து எழுதினால் தாள் குழிந்தது. பூமாரி எழுந்து போய், பருப்புச் சட்டியின் மூடியைச் சேலைத் தலைப்பால் ஈரம் போகத் துடைத்து, தாளுக்கு அடியில் பிடித்துக்கொண்டாள்.